வணிகக் கட்டடங்களில் ஏசி கட்டுப்பாட்டுக் கருவிகள்: தேர்வும் கொள்முதலும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

நம் ஜமாஅத்தில் தங்கும் விடுதி நடத்துவோர் இருக்கின்றனர். ஜவுளி நிலையம் வைத்திருப்போர், மருத்துவமனை கட்டிக்கொண்டிருப்போர் இருக்கின்றனர். துபாய், தோஹா, தம்மாம் ஆகிய ஊர்களில் கட்டடப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் பிள்ளைகள் வீட்டுக்கு ஒருவர் என்னும் அளவில் உள்ளனர். நமது திருமண மண்டபத்திற்கு மைய ஏசி அமைக்க விலைப்புள்ளி கோருவதென்று சென்ற நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இக்காரணங்களை முன்னிட்டே, வளைகுடாவிலும் பின்னர் தமிழகத்திலும் இத்துறையில் கொள்முதல் பணி பார்த்தவன் என்ற முறையில் என்னைப் பேசப் பணித்தனர்.

ஏசி என்றதும் நம் எண்ணம் இயந்திரத்தின் மீதே செல்கிறது. எத்தனை டன், எந்த நிறுவனம், என்ன விலை என்று கேட்கிறோம். அந்த இயந்திரம் எப்பொழுது ஓட வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்று ஆணையிடும் கருவியோ உள்ளங்கை அளவுப் பெட்டியாகச் சுவரில் இருக்கிறது. அதைத்தான் தெர்மோஸ்டாட் என்கிறோம். லட்சக்கணக்கான ரூபாய் ஒப்பந்தத்தில் அது கடைசிப் பக்கத்தில் ஒரே வரியாக வரும்: 'தெர்மோஸ்டாட், தேவையான எண்ணிக்கையில்.' அந்த ஒரு வரியைப் பற்றியதே இன்றைய என் பேச்சு.

இக்கருவியின் பிறப்பிலேயே ஒரு சுவையான செய்தி உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாரன் ஜான்சன் என்றோர் ஆசிரியர் இருந்தார். குளிர்காலத்தில் வகுப்பறைகளின் வெப்பத்தைப் பள்ளிப் பணியாளர் ஒவ்வோர் அறையாக நுழைந்து பார்த்து, பின்பு நிலவறைக்குச் சென்று அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. பாடம் தடைப்படுவதைத் தவிர்க்க, அறையின் வெப்பம் மாறினால் கீழே மணியடித்துத் தெரிவிக்கும் மின்கருவியை அவர் செய்தார். 1883ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அறையில் நடப்பதைத் தொலைவிலிருக்கும் ஒருவருக்குத் தெரிவிப்பதற்காகவே பிறந்த கருவி இது. இன்று 'வலையிணைப்புத் தெர்மோஸ்டாட்' என்று புதுமைபோல் விற்கப்படுவது, அந்த மணியோசை கணினித் திரைக்கு இடம் பெயர்ந்ததுதான்.

120 அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதியை எடுத்துக்கொள்வோம். வரவேற்பறை, உணவகம், கூட்ட அரங்கு, நடைகள் எல்லாம் சேர்த்து 150 கருவிகள் தேவைப்படும். அவை தனித்தனியே சுவரில் தொங்கினால், எந்த அறையில் விருந்தினர் 16 டிகிரியில் வைத்துவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார் என்று எவருக்கும் தெரியாது. 150 கருவிகளும் ஒரு வலையில் இணைந்திருந்தால், பொறியாளர் தம் மேசையிலிருந்தே காலி அறைகளை 27 டிகிரிக்கு உயர்த்தலாம். குளிராத அறை எது என்பதை விருந்தினர் புகார் செய்யும் முன்னரே அறியலாம். இதுவே இணைப்பின் பயன். இதற்கு மேல் விற்பனையாளர் சொல்வனவற்றைச் சற்று நிதானித்துக் கேட்பது நல்லது. 'எங்கள் கருவியைப் பொருத்தினால் மின்கட்டணம் முப்பது விழுக்காடு குறையும்' என்பார்கள். கருவி தானாக எதையும் மிச்சப்படுத்துவதில்லை. ஓடும் நேரம் குறைவதும், வைக்கும் டிகிரி உயர்வதுமே மிச்சம். ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது பி.இ.இ. எனப்படும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு கூறும் கணக்கு. அவ்வமைப்பின் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே விற்பனைக்கு வர வேண்டும் என்று விதிக்கப்பட்டதும் இதன் அடிப்படையிலேயே.

இனித் தேர்வுக்கு வருவோம். தெர்மோஸ்டாட்டின் விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன்னர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, சுவருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரம் என்ன வகை என்பதாகும். இக்கேள்வியைக் கேளாமலே கருவி வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெரிய கட்டடங்களில் சில்லர் எனப்படும் இயந்திரம் நீரைக் குளிர்வித்துக் குழாய் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். அறையின் கூரைக்குள் ஃபேன் காயில் என்னும் பெட்டி இருக்கும். அதில் ஒரு விசிறியும், குளிர்நீர் ஓடும் செம்புச் சுருளும், நீரைத் திறந்து மூடும் ஒரு வால்வும் உண்டு. துபாயில் பல குடியிருப்புகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாவட்டக் குளிரூட்டல் நிறுவனங்களே இந்நீரைக் குழாய் வழியாக விற்கின்றன. இவ்வகைக்கு வெளிச்சந்தையில் எந்த நிறுவனத்தின் தெர்மோஸ்டாட்டையும் வாங்கிப் பொருத்தலாம். ஆயினும் சில விவரங்கள் பொருந்த வேண்டும். விசிறி மூன்று வேகம் கொண்டதா, அன்றி 0 முதல் 10 வோல்ட் சைகையால் வேகம் மாறும் இ.சி. மோட்டாரா? வால்வு முழுவதும் திறக்கும் அல்லது முழுவதும் மூடும் வகையா, சிறிது சிறிதாகத் திறக்கும் வகையா? குளிர்நீர்க் குழாய் மட்டும் உள்ள இரு குழாய் அமைப்பா, வெந்நீரும் வரும் நான்கு குழாய் அமைப்பா? இவற்றுள் ஒன்று மாறினாலும் கருவி பயன்படாது. பெட்டி ஒன்றாகவே தோன்றும்; மாதிரி எண்ணின் கடைசி ஓர் எழுத்தில்தான் வேறுபாடு இருக்கும்.

குளிர்நீர் அமைப்பில் வால்வைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அறை குளிர்ந்தபின் வால்வு மூடாமல் நின்றால், குளிர்ந்த நீர் எந்த வேலையும் செய்யாமல் குளிர்ந்த நிலையிலேயே திரும்பும். ஐந்தாறு டிகிரியில் சென்ற நீர் பதின்மூன்று பதினான்கு டிகிரியில் திரும்ப வேண்டும் என்று வடிவமைத்திருப்பார்கள். ஒன்பதில் திரும்பினால் அதே குளிர்ச்சிக்கு இரு மடங்குக்கும் மேற்பட்ட நீரைப் பம்பு தள்ள வேண்டும். மாவட்டக் குளிரூட்டலில் இதற்குத் தனிக் கட்டணம் விதிப்பதும் உண்டு. விசிறியை மட்டும் நிறுத்தி வால்வைத் திறந்தே விடும் மலிவுக் கருவிகளும் சந்தையில் உள்ளன. ஆகவே, 'ஆஃப் செய்யும்போது வால்வும் மூடுமா?' என்று கேட்டு எழுத்தில் பெற வேண்டும்.

இரண்டாம் வகை வி.ஆர்.எஃப். எனப்படுவது. மொட்டை மாடியில் ஒரு பெரிய வெளிப்புற யூனிட், உள்ளே பல சிறு யூனிட்டுகள். அண்மைக் காலத்தில் கட்டப்படும் நடுத்தர விடுதிகளும் ஜவுளி நிலையங்களும் பெரும்பாலும் இதையே நாடுகின்றன. இங்கு நிலைமை முற்றிலும் வேறு. உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசிக்கொள்பவை. வெளியிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டை வாங்கி நேரே இணைக்க முடியாது. அந்நிறுவனத்தின் ரிமோட்டையே பொருத்தி, அதைக் கட்டடக் கணினியுடன் இணைக்க கேட்வே என்னும் இடைக்கருவியை வாங்க வேண்டும். அதன் விலை பலருக்குப் பின்னரே தெரியவருகிறது. எனவே ஏசி இயந்திரத்திற்கு விலைப்புள்ளி கேட்கும் அதே நாளில் கேட்வேக்கும் விலை கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கேட்டால் பேரம் பேசும் வலிமை நம்மிடம் இராது.

மூன்றாவது, நாம் அனைவரும் அறிந்த ஸ்பிளிட் ஏசி. இதற்கு ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. கடைக்கும் சிறு அலுவலகத்திற்கும் போதும். ஆனால் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று அக்கருவிக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது மின்னழுத்தம். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்படும் தெர்மோஸ்டாட்டுகள் பெரும்பாலும் 24 வோல்ட் மாறுமின்சாரத்தில் இயங்குபவை. நம் நாட்டிலும் வளைகுடாவிலும் ஃபேன் காயில் கருவிகளுக்கு 230 வோல்ட் நேரே வருவதே பெருவழக்கு. வெளிநாட்டிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியில் கொண்டுவரும் அழகிய கண்ணாடித் திரைக் கருவியை 230 வோல்ட்டில் இணைத்தால் அன்றே அதன் ஆயுள் முடியும். விசிறி மோட்டாரின் மின்னோட்டத்தை உள்ளிருக்கும் ரிலே தாங்குமா என்பதும் பார்க்க வேண்டியது. கூட்ட அரங்கில் ஒரே தெர்மோஸ்டாட்டுடன் மூன்று ஃபேன் காயில்களை இணைத்துவிட்டு, ஆறு மாதத்தில் ரிலே ஒட்டிக்கொண்டு விசிறி நிற்கவே மாட்டேன் என்கிறது என்று புகார் செய்வார்கள். அத்தகைய இடத்தில் இடையே ஒரு கான்டாக்டர் பொருத்துவதே முறை.

சுவர்ப்பெட்டியின் அளவும் சிறு செய்தியன்று. வளைகுடாவில் பெருவழக்கான பிரிட்டிஷ் முறைச் சதுரப் பெட்டியில் திருகாணி இடைவெளி 60.3 மில்லிமீட்டர். ஐரோப்பிய வட்டப் பெட்டி வேறு, அமெரிக்க நீள்சதுரப் பெட்டி வேறு, நம்மூர் மாடுலர் பெட்டி வேறு. பூச்சு வேலையும் வண்ணமும் முடிந்த 120 அறைகளில் சுவரை மீண்டும் உடைப்பதற்கு ஆகும் கூலி, கருவியின் விலையில் மிச்சம் பிடித்ததைப் போல் சில மடங்கு வரும்.

இப்பொழுது வலையிணைப்புக்கு வருகிறேன். இரு கருவிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். கட்டடத் துறையில் மோட்பஸ், பேக்நெட் என்னும் இரண்டு மொழிகள் பரவலாக வழங்குகின்றன. மோட்பஸ், மோடிகான் என்ற நிறுவனம் தொழிற்சாலைக் கருவிகளுக்காக 1979இல் உருவாக்கியது, எளியது, மலிவானது. பேக்நெட், அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 1995ஆம் ஆண்டு கட்டடங்களுக்கென்றே வெளியிட்ட தரநிலை. பின்னர் 2003இல் பன்னாட்டுத் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது. ஐரோப்பிய முறைக் கட்டடங்களில் கே.என்.எக்ஸ். என்ற மூன்றாவதும் உண்டு. எது சிறந்தது என்று கேட்பீர்கள். ஒரே கட்டடம், ஒரே ஒப்பந்ததாரர், குறைந்த செலவு என்றால் மோட்பஸ் போதுமானது. பல நிறுவனங்களின் கருவிகள் ஒரே கணினியில் சேர வேண்டிய மருத்துவமனை, பெரிய விடுதி போன்றவற்றிற்குப் பேக்நெட்டையே நான் பரிந்துரைப்பேன்.

இதற்குக் காரணம் உண்டு. மோட்பஸில் கருவி எண்களை மட்டுமே அனுப்பும். அந்த எண்ணின் பொருள் என்னவென்று அது சொல்லாது. அறை 24.5 டிகிரியில் இருந்தால் 245 என்று வரும். பத்தால் வகுக்க வேண்டும் என்பதும், எந்த வரிசை எண்ணில் எது இருக்கிறது என்பதும் தயாரிப்பாளர் தரும் பதிவேட்டுப் பட்டியலில்தான் இருக்கும். சில நிறுவனங்கள் வரிசையைச் சுழியத்திலிருந்து எண்ணும், சில ஒன்றிலிருந்து எண்ணும். அந்த ஓர் எண் வேறுபாட்டால் விசிறி வேகம் இருக்க வேண்டிய இடத்தில் அறை வெப்பம் வந்து நிற்கும். தமிழகத்து ஊர் ஒன்றில் நான் பார்த்த ஒரு விடுதியில், இணையச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று வரவழைத்த கருவிகள் எல்லா அறைகளிலும் அழகாகப் பொருத்தப்பட்டிருந்தன. பதிவேட்டுப் பட்டியல் வரவில்லை. விற்றவர் மின்னஞ்சலுக்கு மறுமொழி தரவில்லை. வலையிணைப்புக்கெனக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கருவிகள் இன்றும் சாதாரணத் தெர்மோஸ்டாட்டுகளாகவே அங்குச் சுவரில் இருக்கின்றன. ஆகவே பதிவேட்டுப் பட்டியல் கைக்கு வந்து, அதை இணைப்பாளர் படித்துச் சரி என்று சொன்ன பின்னரே முன்பணம் தருவது தகும். பேக்நெட் கருவியாயின் பி.டி.எல். எனப்படும் சோதனைக்கூடச் சான்று பெற்றதா என்று பார்க்க வேண்டும். 'பேக்நெட்டுக்கு இசைவானது' என்று அட்டைப்பெட்டியில் எவரும் அச்சிட்டுக்கொள்ளலாம். சான்று பெற்ற மாதிரிகளின் பட்டியல் பொதுவில் உள்ளது, அதில் மாதிரி எண்ணைத் தேடிப் பார்த்துவிடலாம்.

கம்பி விஷயத்தில் நம் ஊர் மின்பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விரு மொழிகளும் பெரும்பாலும் ஆர்.எஸ்.-485 என்னும் இரு கம்பி வழியில் ஓடுகின்றன. இக்கம்பி ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலிபோல் செல்ல வேண்டும். விளக்குக் கம்பியைப் போல் நடுவிலிருந்து கிளை பிரித்து இழுத்தால் சைகை எதிரொலித்துக் குழம்பும். ஒரு சங்கிலியின் மொத்த நீளம் 1,200 மீட்டருக்குள் அடங்க வேண்டும். இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒன்று வேண்டும். முறுக்கிய, மேலுறையிட்ட கம்பியாக இருத்தல் வேண்டும். 230 வோல்ட் கம்பியுடன் ஒரே குழாயில் செல்லலாகாது. மேலுறையை ஒரு முனையில் மட்டுமே நிலத்துடன் இணைக்க வேண்டும். மரபுப்படி ஒரு சங்கிலிக்கு 32 கருவிகள். இன்றைய கருவிகளுள் பல இதைவிடக் கூடுதலாக இணைய இடந்தருகின்றன. ஆயினும் தளத்துக்கு ஒரு சங்கிலியாக முப்பதுக்குள் நிறுத்திக்கொண்டால், பழுது வரும்போது தேடுவது எளிது. வளைகுடாவுக்குச் செல்லவிருக்கும் இளைஞர்கள் இந்த ஒரு பத்தியை நன்கு கற்றுக்கொண்டால் சாதாரண மெக்கானிக் என்ற நிலையிலிருந்து ஒரு படி மேலே சம்பளம் கேட்கலாம். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கம்பியை முறையாக இழுக்கத் தெரிந்தவர் அங்கே தேடப்படுகிறார்.

'கம்பியே வேண்டாம், வைஃபை போதுமே' என்பர் சிலர். கட்டி முடித்த பழைய கட்டடத்திற்கு அது ஏற்றதுதான். அங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வானலை பற்றிய சட்டம். கம்பியில்லாக் கருவியை இறக்குமதி செய்ய மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் கருவி வகை ஒப்புதல் வேண்டும். குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு நம் நாட்டில் உரிமமின்றி விடப்பட்ட அலைவரிசை 865 மெகா ஹெர்ட்ஸை ஒட்டியது. அமெரிக்கக் கருவிகள் பல 902 முதல் 928 வரையுள்ள அலைவரிசையில் பேசுபவை. அவற்றை இங்குக் கொண்டுவருவது முறையன்று, சுங்கத்திலும் நின்றுவிடும். இரண்டாவது, பல வைஃபை கருவிகள் நம் கட்டடத்துக் கணினியுடன் பேசுவதில்லை. தயாரிப்பாளரின் வெளிநாட்டுக் கணினியுடன் பேசி, அங்கிருந்து நம் கைபேசிக்கு வருகின்றன.

இந்த இரண்டாவது செய்தியில் சற்று நின்று செல்ல விரும்புகிறேன். நெஸ்ட் என்ற புகழ்பெற்ற தெர்மோஸ்டாட் 2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. 2014இல் கூகுள் நிறுவனம் அந்நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்கியது. முதல் இரண்டு தலைமுறைக் கருவிகளுக்கு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 25 முதல் ஆதரவை நிறுத்துவதாக அறிவித்து, அவ்வாறே நிறுத்தியது. சுவரிலுள்ள கருவியைக் கையால் திருப்பலாம்; கைபேசியிலிருந்து இயக்கும் வசதி போய்விட்டது. உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் கருவிக்கே இதுதான் நிலை. வீட்டுக்காரருக்கு இது ஒரு கருவி, வேறொன்று வாங்கிக்கொள்வார். விடுதிக்காரருக்கு 150 கருவிகள். ஏசி இயந்திரம் பதினைந்து இருபது ஆண்டுகள் உழைக்கும் பொருள். அதன் கட்டுப்பாட்டுக் கருவி எவரோ ஒருவரின் கணினி இயங்கும் வரை மட்டுமே உழைப்பது என்பது பொருந்தா இணைப்பு. எனவே வணிகக் கட்டடத்துக்கு என் முதல் நிபந்தனை, இணையம் அறுந்தாலும் கட்டடத்துக்குள் அனைத்தும் இயங்க வேண்டும் என்பதே. வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி அதற்கு மேல் ஒரு கூடுதல் வசதியாக இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றியும் கூற வேண்டும். அமெரிக்காவின் டார்கெட் என்னும் அங்காடி நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 4 கோடி வாடிக்கையாளர்களின் வங்கி அட்டை விவரங்கள் களவு போயின. கள்வர்கள் நுழைந்த வழி, அந்நிறுவனத்திற்குக் குளிரூட்டல் பணி செய்த ஓர் ஒப்பந்ததாரருக்கு வழங்கப்பட்டிருந்த கணினி நுழைவுச் சொல். தெர்மோஸ்டாட் இருக்கும் வலையும், விடுதியின் பில் போடும் கணினியும், விருந்தினருக்குத் தரும் வைஃபையும் தனித்தனியே பிரிக்கப்பட வேண்டும். பேக்நெட் வெகுகாலம் பூட்டில்லாத மொழியாகவே இருந்தது. மறைகுறியீட்டுடன் கூடிய பாதுகாப்பு வகை தரநிலையின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்தது. புதிதாக வாங்குவோர் அவ்வகை உண்டா என்று கேட்கலாம். தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றுவதற்கோ எவரையும் கேட்க வேண்டியதில்லை.

அன்றாடப் பயனுக்குத் தேவையான வசதிகள் எவை? உச்ச, தாழ்ந்த அளவுகளைப் பூட்டும் வசதி இன்றியமையாதது. விருந்தினர் 22க்குக் கீழே இறக்க முடியாதபடி நிர்ணயிக்கலாம். சாவி அட்டை, கதவு, சன்னல் ஆகியவற்றின் சைகையை ஏற்கும் உள்ளீடுகள் விடுதிக்கு வேண்டும். மின்சாரம் தடைப்பட்டு வந்தபின் பழைய அமைப்பு மாறாமல் தொடர வேண்டும். அத்துடன் 150 விசிறிகளும் ஒரே நொடியில் கிளம்பி ஜெனரேட்டரைத் திணறடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும் தாமத வசதியும் வேண்டும். நம்மைப் போன்ற கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் அளக்கும் உணரி உள்ள கருவியைப் பார்ப்பது நலம். காலி அறை என்று ஏசியை அடியோடு நிறுத்திவிட்டால் இரண்டே வாரத்தில் மெத்தையிலும் திரைச்சீலையிலும் பூஞ்சை ஏறும். கருவியைப் பொருத்தும் இடம் தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், வெயில் படாத உட்சுவரில் இருக்கட்டும். தொலைக்காட்சிக்கு மேலே பொருத்தினால் அது அறையை அளக்காது, தொலைக்காட்சியின் சூட்டைத்தான் அளக்கும்.

நமது மண்டபத்திற்கும் தொழுகைக் கூடத்திற்கும் வருவோம். வாரத்திற்கு ஒரே அட்டவணை கொண்ட சாதாரணக் கருவி அலுவலகத்துக்குப் பொருந்தும், பள்ளிவாசலுக்குப் பொருந்தாது. மஃரிப் நேரம் சூரியனைப் பின்பற்றி ஆண்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பின் நகர்கிறது. ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வருகிறது. அம்மாதத்தில் தராவீஹ் இரவு நேரத்துக்கு நீள்கிறது. ஆகவே ஆண்டு நாட்காட்டியை ஒரே இடத்தில் ஏற்றிவைத்து, எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பும் வசதி தேவை. ஜும்ஆவுக்கு அரை மணிக்குள் கூடம் நிரம்புகிறது. அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறத்தாழ நூறு வாட் வெப்பம் வெளிப்படும். ஐந்நூறு பேர் என்றால் ஐம்பது கிலோவாட். பதினான்கு டன் ஏசியின் வேலை. கூட்டம் வந்தபின் இயக்கினால் குத்பா முடியும் வரை வேர்வைதான். அதற்கு முன்னரே குளிர்விக்கும் ஏற்பாட்டை அட்டவணையிலேயே எழுத வேண்டும். திருமண மண்டபத்தில் வாடகைக்கு எடுப்பவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்காமல், ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு மணி நேரம் ஓடித் தானே நிற்கும் வகை போதும். மேடையருகே ஓர் உணரி, வாயிலருகே ஓர் உணரி, நடுவில் ஒன்று என்று மூன்றின் சராசரியை எடுக்கும் கருவியைக் கேளுங்கள். ஒரே உணரி பந்தி நடக்கும் கதவுக்கருகில் அமைந்துவிட்டால் மேடையில் மணமகன் நடுங்க நேரிடும்.

கொள்முதல் முறை பற்றிச் சில சொற்களுடன் நிறைவு செய்கிறேன். மூன்று விலைப்புள்ளிகள் பெறுவது நம் வழக்கம். மூன்றும் ஒரே பொருளுக்கானவையா என்று பார்ப்பதுதான் அரிது. ஒருவர் கருவியின் விலையை மட்டும் எழுதியிருப்பார்; மற்றவர் கம்பி, பொருத்துதல், கணினியில் புள்ளிகளை ஏற்றுதல், மென்பொருள் உரிமம் அனைத்தும் சேர்த்து எழுதியிருப்பார். முதலாமவர் மலிவானவராகத் தோன்றுவார். ஒரு கருவி சுவரில் ஏறிக் கணினித் திரையில் தோன்றும் வரை ஆகும் மொத்தச் செலவைக் கருவி எண்ணிக்கையால் வகுத்து ஒப்பிடுங்கள். மொத்தமாக வாங்கும் முன்னர் இரண்டு கருவிகளை விலைக்கே வாங்கி, ஓர் அறையில் பொருத்தி, இணைப்பாளர் கணினியில் காட்டும் வரை சோதியுங்கள். இலவச மாதிரியை விற்பவரே பொறுக்கி எடுத்துத் தருவார்; விலைக்கு வாங்கியது கிடங்கிலிருந்து வரும்.

அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் வாங்குவதற்கும் வெளிச்சந்தையில் வாங்குவதற்கும் விலையில் இருபது முப்பது விழுக்காடு வேறுபாடு தெரியலாம். உத்தரவாதச் சீட்டு இந்தியாவில் செல்லுபடியாகுமா என்று தயாரிப்பாளரின் அலுவலகத்தையே நேரில் கேட்டுவிடுவது நல்லது. ஒரே தொழிற்சாலையில் உருவாகிப் பல பெயர்களில் விற்கப்படும் கருவிகளும் உள்ளன. அவை அனைத்தும் தரமற்றவை என்று கூற மாட்டேன். ஆனால் ஐந்தாண்டு கழித்து அதே மாதிரி கிடைக்குமா என்பது அங்கே உறுதியில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் மின்னணுச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வாரங்களில் வர வேண்டிய கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருந்து, முடிந்த கட்டடங்களைத் திறக்க இயலாமல் வைத்திருந்தனர். நூற்றுக்கு ஐந்து என்ற கணக்கில் உபரிக் கருவிகளை முதல் கொள்முதலிலேயே வாங்கி அலுவலகப் பெட்டகத்தில் வைத்துக்கொள்வது தகும்.

பணி முடிந்து கடைசித் தவணை தரும் முன்னர் நான்கு பொருட்கள் உரிமையாளர் கைக்கு வர வேண்டும்: ஒவ்வொரு கருவியின் முகவரி எண்ணும் அது உள்ள அறையும் குறித்த பட்டியல், கம்பி சென்ற வழியைக் காட்டும் வரைபடம், கணினியின் முதன்மைக் கடவுச்சொல், அமைப்பு முழுவதன் நகல். கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒப்பந்ததாரர்கள் உண்டு. பின்னர் ஒரு டிகிரி மாற்றவும் அவர்களையே அழைத்துக் கட்டணம் செலுத்த வேண்டிவரும். பொதுப்பணத்தில் கட்டும் கட்டடத்தில் அதற்கு இடமளிக்கலாகாது. ஆகவே கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு கோடைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைக்கும் விதியை விலைப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே சேர்க்கலாம் என்று நிர்வாகக் குழுவுக்கு யோசனை கூறியிருக்கிறேன்.

விலைப்புள்ளியுடன் இணைக்க வேண்டிய கேள்விகளை இரண்டு பக்க அளவில் தமிழில் எழுதிச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைத்துள்ளேன். விடுதி, மருத்துவமனை கட்டும் சகோதரர்களும் அதன் நகலை ஜமாஅத் அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் பெற்றுக்கொள்ளலாம். மண்டபத்தின் வரைபடத்துடன் வருகிற வெள்ளிக்கிழமை நான் அங்கேயே இருப்பேன்; உணரிகள் வைக்கும் இடங்களை நேரில் நின்று குறிக்க விருப்பமுள்ள மின்பணியாளர்கள் உடன் வரலாம்.

வஸ்ஸலாம்.